இதர வகையறா

ஆர்.கே.பேட்டைக்குப் போனது தறிக்காரர்களைப் பற்றி எழுதுவதற்காக. திரும்பி வந்தது ஒரு பாம்போடு. பயப்படாதீர்கள், பையில் இல்லை. மண்டைக்குள்.

திருத்தணியில் இறங்கி பஸ் மாறிப் போனால், ஊருக்குள் நுழையும்போதே தறிச் சத்தம் காதில் விழும். பல வீடுகளில் பவர்லூம் வந்துவிட்டது. நான் போன வீட்டில் இன்னும் குழித்தறிதான். தரையில் தோண்டிய குழிக்குள் காலைத் தொங்கவிட்டு உட்கார்ந்து மிதிக்க வேண்டும். மழைக்காலம் வந்தால் அந்தக் குழிக்கு விருந்தாளிகள் வருவார்களாம். தேரை வரும், தவளை வரும், தேள் வரும். சில நாள் மற்றதும் வரும்.

"போன ஐப்பசி மழையில சார். ராத்திரி ரெண்டு மணி இருக்கும். கரண்ட் இல்ல. டார்ச் அடிச்சுப் பார்த்தா குழிக்குள்ள கருப்பா, வெள்ளைக் கோடு கோடா சுருண்டு கெடக்குது. கட்டுவிரியன்னு அடிச்சிட்டேன்" என்றார் வீட்டுக்காரர். ஐம்பது வயதைத் தாண்டியவர்.

காலையில் வயலுக்கு எலி பிடிக்க வந்த இருளர் பெரியவர் ஒருவர், தெருவோரம் கிடந்ததைக் குச்சியால் புரட்டிப் பார்த்திருக்கிறார். "ஏன் நைனா இத்த அடிச்ச? இது பல்லி துன்ற பாம்பாச்சே. ஒண்ணும் பண்ணாதே" என்று சொல்லிவிட்டுப் போய்விட்டார்.

இதோடு முடிந்திருந்தால் இது ஒரு வரிக் கதை. ஆனால், வீட்டுக்காரருக்கு ஒரு தம்பி இருந்தார். இருபது வருஷத்துக்கு முன்னால் இதே வீட்டில் தரையில் பாய் விரித்துப் படுத்தவர், விடிகாலை வயிற்று வலி என்று எழுந்திருக்கிறார். ஓமத் தண்ணி கொடுத்தார்கள். உடம்பில் வீக்கம் இல்லை, காயம் இல்லை. விடியும்போது கண் இமை தானாக மூடிக்கொண்டது. பேச்சு குழறியது. வண்டி வைத்துக் கிளம்பினார்கள். பாதி வழியிலேயே போய்விட்டார். பாயைச் சுருட்டும்போதுதான் அடியிலிருந்து கட்டுவிரியன் வெளியே வந்ததாம்.

ஆக, ஒரே வீட்டில் இரண்டு தப்புக் கணக்கு. கடித்த பாம்பை 'வயிற்று வலி' என்று எழுதினார்கள். கடிக்காத பாம்பை 'கட்டுவிரியன்' என்று எழுதினார்கள். ஒன்றில் மனுஷன் போனான், இன்னொன்றில் பாம்பு போனது.

"தெரியாம செஞ்சது பாவத்துல சேருமா சார்? நீங்க நாலு புத்தகம் படிக்கிறவரு. சொல்லுங்க" என்றார்.

நான் படித்தது பி.காம். பாவ புண்ணியக் கணக்கு சிலபஸில் இல்லை. "யோசிச்சுச் சொல்றேண்ணே" என்று நழுவினேன். அந்த யோசனைதான் இந்த வாரம் உங்கள் தலையில்.

பி.காமில் எனக்குச் சொல்லிக் கொடுத்த முதல் பாடம், எந்தச் செலவை எந்தத் தலைப்பில் எழுதுவது என்பது. வாடகைக்கு ஒரு தலைப்பு, சம்பளத்துக்கு ஒரு தலைப்பு. எதிலும் அடங்காத சில்லறைகளுக்கு 'இதர செலவுகள்'. டீ, பூட்டு சாவி, ஆயுத பூஜைப் பூசணிக்காய் எல்லாம் அதில்தான் விழும். இவற்றுக்குள் எந்த உறவும் கிடையாது. வேறெங்கும் இடமில்லை என்பதுதான் ஒரே ஒற்றுமை. கம்பெனியில் ஏதாவது கோல்மால் நடந்தால், ஆடிட்டர் முதலில் தோண்டுவதும் இந்தத் தலைப்பைத்தான்.

உயிர்களுக்கும் இப்படி ஒரு லெட்ஜர் போட்டவர் ஸ்வீடன்காரர் கார்ல் லின்னேயஸ். அவருடைய 'சிஸ்டமா நேச்சுரே' நூலின் பத்தாம் பதிப்பு 1758-ல் வந்தது. விலங்குகளுக்கு இன்று நாம் வைக்கும் இரட்டை லத்தீன் பெயர்கள் அதிலிருந்துதான் கணக்கு. மகா புத்திசாலி. ஆனால், தவளை, ஆமை, பல்லி, பாம்பு, முதலை எல்லாவற்றையும் ஒரே தலைப்பில் தள்ளினார். போதாததற்குச் சுறா மீனையும் அங்கேயே சேர்த்தார். அதோடு விட்டாரா? இவையெல்லாம் குளிர்ந்த உடம்பு, அழுக்குத் தோல், கொடூரப் பார்வை கொண்ட அருவருப்பான ஜீவன்கள், அதனால்தான் படைத்தவன் இவற்றை அதிகம் படைக்கவில்லை என்கிற பொருளில் ஒரு குறிப்பும் எழுதி வைத்தார்.

அறிவியல் லெட்ஜரில் அருவருப்பு எப்படி வந்தது? நம் வீட்டுக்குள் வருகிற மாதிரிதான். முகம் பிடிக்கவில்லை, அதனால் எல்லாம் ஒரே கும்பல்.

படைத்தவன் கஞ்சத்தனம் செய்யவில்லை என்பது பிறகு தெரிந்தது. இன்று அறியப்பட்ட நீர்நில வாழ்வன 8,000 வகைகளுக்கு மேல். ஊர்வன 12,000-க்கு மேல். நம் மேற்குத் தொடர்ச்சி மலையிலேயே இன்னும் புதிதாகக் கண்டுபிடித்துக்கொண்டிருக்கிறார்கள். 2003-ல் உலகத்துக்கு அறிவிக்கப்பட்ட ஊதா நிறத் தவளை வருஷத்தில் பெரும்பகுதி மண்ணுக்குள்ளேயே இருந்துவிட்டு, மழையில் சில நாள் மட்டும் வெளியே வரும். அதன் நெருங்கிய சொந்தம் இருப்பது கடல் தாண்டி சீஷெல்ஸ் தீவுகளில்!

சரி, தவளையும் பாம்பும் ஒரே கும்பல் இல்லை என்றால், யார் யாருக்குச் சொந்தம்? இங்கேதான் ஆடிட்டிங் சுவாரஸ்யமாகிறது.

சுமார் 37 கோடி ஆண்டுகளுக்கு முன் சில மீன்கள் கரைப்பக்கம் எட்டிப் பார்த்தன. 2004-ல் கனடாவின் வடதுருவப் பகுதியில் ஒரு புதைபடிவம் கிடைத்தது. டிக்டாலிக் என்று பெயர் வைத்தார்கள். மீன் மாதிரி செதில், துடுப்பு. ஆனால், துடுப்புக்குள் மணிக்கட்டு மாதிரி எலும்பு. தலையைத் திருப்ப ஒரு கழுத்து. அந்த மாதிரி உயிர்களிலிருந்துதான் நாலு கால் ஜாதி மொத்தமும் வந்தது. தவளை, பாம்பு, மாடு, நீங்கள், நான் எல்லாம் அந்தக் கரையேறிய கூட்டத்தின் வாரிசுகள்.

தவளை கரைக்கு வந்தும் தண்ணீரை விடவில்லை. பெரும்பாலான தவளைகளின் முட்டைக்கு இன்றும் குளமோ குட்டையோ வேண்டும். இன்னொரு கிளை ஒரு உபாயம் கண்டுபிடித்தது. குளத்துக்குப் போவதற்குப் பதிலாகக் குளத்தையே முட்டைக்குள் கொண்டு வந்துவிட்டது. கரு, ஒரு சவ்வுப் பைக்குள் நீரில் மிதந்தபடி வளரும். வெளியே பாலைவனமாக இருந்தாலும் கவலை இல்லை. 30 கோடி ஆண்டுகளுக்கும் முந்தைய ஏற்பாடு இது. பல்லி, பாம்பு, ஆமை, முதலை, கோழி எல்லாவற்றுக்கும் இந்தப் பை உண்டு.

நமக்கும் உண்டு. நாம் அதைப் பனிக்குடம் என்கிறோம்.

பிரசவ வார்டு வாசலில் "பனிக்குடம் ஒடஞ்சிருச்சு" என்று யாராவது பதறும்போது, அந்தச் சவ்வு பாம்பு முட்டைக்குள்ளும் இருக்கிறது என்று நினைத்துப் பார்த்திருப்போமா? ஆனால், உறவுக் கணக்கு அப்படித்தான் சொல்கிறது. பாம்புக்குத் தவளையைவிட மனிதன் நெருங்கிய சொந்தம். லின்னேயஸ் ஒரே தலைப்பில் தள்ளிய இரண்டையும் பிரித்தால், நடுவில் நாம் வந்து நிற்கிறோம்.

இன்னும் இருக்கிறது. பாம்பு என்பது பல்லிக் குடும்பத்துக்குள்ளேயே காலைத் தொலைத்த ஒரு கிளை. ஆண் மலைப்பாம்பின் உடம்பில் பின்னங்காலின் மிச்சமாக ஒரு சின்ன நகம் இன்னும் துருத்திக்கொண்டிருக்கும். உடும்புக்கும் ஓணானுக்கும் வீட்டுப் பல்லியைவிடப் பாம்புதான் கிட்டத்துச் சொந்தம் என்கின்றன மரபணு ஆய்வுகள். முதலையோ பல்லிக்குத் தூரம், கோழிக்குப் பக்கம்.

அப்படியானால், 'ஊர்வன' என்று பள்ளிக்கூடத்தில் படித்தோமே, அது என்ன? வில்லி ஹென்னிக் என்ற ஜெர்மன் பூச்சியியல் அறிஞர் 1950-ல் ஒரு விதியை வைத்தார். ஒரு குடும்பம் என்று பெயர் போட்டால் மூதாதையும் அதன் எல்லா வாரிசுகளும் அதில் இருக்க வேண்டும், பிடிக்காத பிள்ளையைக் கழற்றிவிடக் கூடாது. இந்த விதிப்படி பார்த்தால் பறவைகளைச் சேர்க்காமல் ஊர்வன என்ற குடும்பமே கிடையாது. சிறகு முளைத்தவர்களை எடுத்துவிட்டு மீதியை மூட்டை கட்டியதுதான் நாம் படித்த 'ஊர்வன'. என் பாஷையில் சொன்னால், இதர செலவுகள்.

"இதெல்லாம் லேபரட்டரி சமாச்சாரம், நமக்கென்ன?" என்பீர்கள். நம் வீட்டு லெட்ஜரைப் பார்ப்போமா?

ஆர்.கே.பேட்டைக்காரர்கள் காஞ்சிபுரம் வரதராஜப் பெருமாள் கோயிலுக்குப் போனால் தங்கப் பல்லி, வெள்ளிப் பல்லியைத் தொட்டுக் கும்பிடாமல் வரமாட்டார்கள். நீங்களும் அப்படித்தான். வீட்டுச் சுவரில் பல்லி சத்தம் போட்டால் பஞ்சாங்கத்தில் பலன் பார்ப்போம். அந்தப் பல்லியின் உறவுக்காரனான பாம்புக்கு? திருவேற்காட்டில் புற்றுக்குப் பால் ஊற்றுவோம். வீட்டுக்கு வந்து அதே ஜாதிப் பாம்பு வாசலில் தலை நீட்டினால் கழியைத் தேடுவோம். கோயிலில் இருந்தால் தெய்வம், கொல்லையில் இருந்தால் எமன். பாம்பு மாறவில்லை, நம் தலைப்புதான் மாறுகிறது.

அரணையை எடுத்துக்கொள்ளுங்கள். பளபளவென்று ஓடும் அப்பிராணி. விஷம் துளியும் கிடையாது. 'அரணை கடித்தால் மரணம்' என்று எதுகைக்காக யாரோ சொல்லி வைத்தது, எத்தனை அரணைகளுக்கு மரணமாக முடிந்ததோ!

எல்லாவற்றையும்விட விபரீதமான தலைப்பு 'விரியன்'. கண்ணாடி விரியன், சுருட்டை விரியன், கட்டுவிரியன் என்று மூன்றையும் ஒரே பெயரில் சேர்த்துவிட்டோம். முதல் இரண்டும் ஒரு குடும்பம். கடித்தால் கடிவாயில் பொறுக்க முடியாத வலி, வீக்கம், ரத்தம் உறையாமல் போவது என்று ஊரைக் கூட்டிவிடும். கட்டுவிரியன் அந்தக் குடும்பமே இல்லை. அது நல்ல பாம்பின் பங்காளி. அதன் விஷம் வேலை செய்வது நரம்பில். கடிவாயில் வீக்கம் அநேகமாக இருக்காது, கடித்ததே தெரியாமல் போகலாம். வயிற்று வலியில் ஆரம்பிக்கும். இமை சரியும். மூச்சு நிற்கும். விரியன் என்றால் வீங்கும் என்று எதிர்பார்த்துக் காத்திருந்தால் தம்பி போய்விடுவான்.

ஒரு பெயரைத் தப்பான தலைப்பில் எழுதுவதன் விலை இதுதான்.

அப்படியென்றால் தலைப்பே வேண்டாம், எல்லா உயிரும் ஒன்று என்று கையைக் கூப்பிவிடலாமா? கேட்க நன்றாக இருக்கும். தரையில் படுப்பவனுக்கு அது உதவாது. 2000 முதல் 2019 வரை இந்தியாவில் பாம்புக்கடியால் இறந்தவர்கள் வருஷத்துக்குச் சராசரியாக 58,000 பேர் என்று 2020-ல் வந்த ஓர் ஆய்வு கணக்கிட்டது. பெரும்பாலும் கிராமத்து ஏழைகள். இவர்களிடம் போய் "பாம்பும் உன் சொந்தம்தான்" என்று வேதாந்தம் பேசுவது, ஏ.சி. ரூமில் உட்கார்ந்து வெயிலை ரசிக்கச் சொல்வது மாதிரி.

பிரிக்கத்தான் வேண்டும். எதற்காகப் பிரிக்கிறோம் என்பதில்தான் விஷயம்.

பேட்ரிக் ரஸ்ஸல் என்று ஒரு ஸ்காட்லாந்து டாக்டர். கிழக்கிந்தியக் கம்பெனிக்காக நம் சோழமண்டலக் கரையில் பாம்புகளைச் சேகரித்து, 1796-ல் படங்களோடு ஒரு பெரிய புத்தகம் போட்டார். கண்ணாடி விரியனுக்கு இங்கிலீஷில் அவர் பெயர்தான். அவருடைய அக்கறைகளில் ஒன்று, எது விஷம், எது விஷமில்லை என்று பார்த்ததும் அடையாளம் காண வழி இருக்கிறதா என்பது. லின்னேயஸ் முகம் சுளித்துப் பிரித்தார். ரஸ்ஸல் உயிர் பிழைக்க வைக்கப் பிரித்தார். இரண்டுமே வகைப்படுத்தல்தான். ஆனால், இரண்டும் ஒன்றா?

நம்மூரில் ரஸ்ஸலுக்கு எத்தனையோ தலைமுறை முன்பே அந்த வேலையைச் செய்தவர்கள் இருளர்கள். மண்ணில் கிடக்கும் தடம், சட்டை, எச்சம், வளை வாயின் பதம் பார்த்தே உள்ளே இருப்பது யார் என்று சொல்லிவிடுவார்கள். ஒரு காலத்தில் அவர்கள் பிடித்த பாம்புகள் தோலுக்காகப் போயின. 1976-ல் பாம்புத் தோல் ஏற்றுமதி தடை செய்யப்பட்டதும் பிழைப்பு போனது. 1978-ல் ரோமுலஸ் விட்டேகரின் முயற்சியில், மாமல்லபுரத்துக்குப் பக்கத்தில் வடநெம்மேலியில் இருளர் பாம்பு பிடிப்போர் தொழிற் கூட்டுறவுச் சங்கம் தொடங்கியது. வனத்துறை அனுமதியோடு பாம்பைப் பிடிப்பார்கள். சில வாரம் வைத்திருந்து விஷம் எடுப்பார்கள். வயிற்றுச் செதிலில் அடையாளம் வைத்துத் திரும்பவும் காட்டில் விடுவார்கள். நல்ல பாம்பு, கட்டுவிரியன், கண்ணாடி விரியன், சுருட்டை விரியன் ஆகிய நான்கின் விஷம். அதைச் சிறிது சிறிதாகக் குதிரைக்குச் செலுத்தி, அதன் ரத்தத்தில் உருவாகும் எதிர்ப்பொருளிலிருந்து மருந்து தயாராகிறது. நான்குக்கும் சேர்த்து ஒரே மருந்து. அதனால், கடித்த பாம்பை அடித்து ஆஸ்பத்திரிக்குத் தூக்கிக்கொண்டு ஓட வேண்டிய அவசியமில்லை. கடிபட்ட ஆளைத் தூக்கிக்கொண்டு ஓடினால் போதும்.

இந்தச் சங்கத்தோடு தொடர்புடைய மாசி சடையன், வடிவேல் கோபால் என்ற இருவரை 2017-ல் அமெரிக்காவின் ஃபுளோரிடாவுக்கு அழைத்தார்கள். அங்கே பெருகிவிட்ட பர்மிய மலைப்பாம்புகளைப் பிடிக்க. ஒரு வாரத்துக்குச் சற்றுக் கூடுதலான நாட்களில் 13 பாம்புகளைப் பிடித்தார்கள். 2023-ல் இருவருக்கும் பத்மஸ்ரீ.

பெருமையாக இருக்கிறதல்லவா? இனி கொஞ்சம் கசப்பு.

மறுநாள் அந்த ஆர்.கே.பேட்டைப் பெரியவரைத் தேடிப் போனேன். குச்சியால் மண்ணில் இரண்டு கோடு இழுத்து, அதன் மேல் பட்டை போட்டுக் காட்டினார். "கட்டுவிரியனுக்குக் கழுத்துகிட்ட வெறுமையா இருக்கும். கொஞ்சம் தள்ளித்தான் கோடு ஆரம்பிக்கும், ரெட்டை ரெட்டையா, வாலு வரைக்கும் போவும். இதுக்குக் கழுத்துலயே ஆரம்பிச்சுடும். வாலுகிட்ட அழிஞ்சு போயிடும்." அந்த ஒண்ணும் பண்ணாத பாம்புக்கு வெள்ளிக்கோல் வரையன் என்று பெயர். ஐந்து நிமிஷ வகுப்பு, ஃபீஸ் ஒரு டீ.

கிளம்பும்போது கேட்டார்: "சாருக்கு ஆபீஸ்ல யாரையாச்சும் தெரியுமா? பேரனுக்கு ஜாதி சர்ட்டிபிகேட் வரல. நாங்க இருளருதான்னு எழுதிக் காட்டச் சொல்றாங்க. ராத்திரி இருட்டுல எந்தப் பாம்புன்னு நான் சொல்லிடுவேன் சார். பட்டப்பகல்ல நான் யாருன்னு அவங்களுக்குத் தெரியல."

எனக்குப் பதில் வரவில்லை. பாம்புகளைச் சரியான தலைப்பில் எழுதத் தெரிந்த மனிதரை எந்தத் தலைப்பிலும் எழுத மாட்டேன் என்கிறது ஒரு மேஜை. திருவள்ளூர் மாவட்டச் செங்கல் சூளைகளிலும் அரிசி ஆலைகளிலும் கொத்தடிமைகளாக இருந்து மீட்கப்பட்டவர்களில் இருளர்கள் எத்தனை பேர் என்று பழைய பேப்பரைப் புரட்டினால் தெரியும். 'இதர' என்ற தலைப்பில் விழுவது பல்லியும் பாம்பும் மட்டுமில்லை.

சரி, அண்ணனுடைய கேள்விக்கு வருவோம். தெரியாமல் செய்தது பாவமா?

எனக்குத் தோன்றுவதைச் சொல்கிறேன், நீங்கள் சண்டை போடலாம். ராத்திரி இரண்டு மணிக்கு, கரண்ட் இல்லாத வீட்டில், தம்பியைப் பறிகொடுத்தவன், பிள்ளைகள் தூங்கும் இடத்தில் கோடு போட்ட பாம்பைப் பார்த்தால் அடிக்கத்தான் செய்வான். அந்த நேரத்துக்கு அவனைக் குற்றவாளிக் கூண்டில் ஏற்ற எனக்கு மனசு வராது. அவன் சம்பாதித்த பயம் அது. சட்டம் வேறு மாதிரி சொல்லலாம். 1972-ம் வருஷ வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் பாம்புகளுக்கும் உண்டு. நான் சட்டம் பேசவில்லை, மனசாட்சி பேசுகிறேன்.

ஆனால், ராத்திரி முடிந்து பகல் வருகிறதே? ஐந்து நிமிஷத்தில் தெரிந்துகொள்ளக்கூடியதை, கேட்டால் சொல்லக்கூடிய ஆள் கூப்பிடு தூரத்தில் இருக்கும்போது, இருபது வருஷமாகக் கேட்காமல் இருந்தால், அது வெறும் அறியாமை இல்லை. வசதி. 'எல்லாப் பாம்பும் ஒண்ணுதான்', 'அந்த ஜனங்க எல்லாம் அப்படித்தான்' என்று சொல்லிவிட்டால் பிறகு பார்க்க வேண்டியதில்லை, விசாரிக்க வேண்டியதில்லை. 'இதர' என்று எழுதும் சோம்பேறித்தனத்தில் பாவத்தின் வாசனை இருக்கிறது. நகரத்தில், மூன்றாவது மாடியில், பாம்பே வராத வீட்டில் உட்கார்ந்து எழுதும் எனக்கு அதில் பங்கு அதிகம். அவருக்காவது பயம் என்ற காரணம் இருந்தது.

இதையே போனில் சுற்றி வளைத்து அவரிடம் சொன்னேன். கொஞ்ச நேரம் சத்தமில்லை. பின்னால் பக்கத்து வீட்டுத் தறி மட்டும் ஓடிக்கொண்டிருந்தது.

"அப்ப பாதி பாவம்ங்கறீங்க" என்றார்.

"பாதி உங்களுக்கு, பாதி எனக்குண்ணே."

சிரித்தார். அப்புறம் சொன்னார். பெரியவரைக் கூட்டி வந்து டீ கொடுத்து, தெருப் பிள்ளைகளுக்கு அந்த நாலு பாம்பையும் மண்ணில் வரைந்து காட்டச் சொன்னாராம். பிள்ளைகளுக்குக் கட்டில் வாங்கிவிட்டாராம். தறி மேல் ஒரு டார்ச் தொங்குகிறதாம். பேரன் சர்ட்டிபிகேட்டுக்குப் பெரியவரோடு ஒரு தடவை ஆபீஸ் வரைக்கும் போய்வந்தாராம். இன்னும் கிடைக்கவில்லை. அடுத்த வாரமும் போகிறார்களாம்.

"குழிக்குள்ள இன்னிக்கு ஒரு தேரை வந்து குந்திக்கினு இருக்குது சார். அது எந்தக் கணக்குல வரும்?"

"அது ஒண்ணும் பண்ணாதுண்ணே."

"தெரியும் சார். அதான் காலைத் தூக்கி வெச்சுக்கினு உக்காந்திருக்கேன். அது போவட்டும், அப்புறம் நெய்யலாம்."